கரைக்குப் பின்னால் வந்த ஊற்று

பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று மாலையே அக்கா போன் செய்துவிட்டாள்.

"இந்த வாட்டி கிறிஸ்மஸ் எங்கூட்லதான். சாக்கு சொல்லாத. ஏரி ரொம்பி வழியுதுடி. பசங்க வந்து பாக்கட்டும்."

ஏரி நிரம்பியதை அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் எங்களுக்கு இரண்டே அறைகள் உள்ள வாடகை வீடு. வாசலைத் தாண்டினால் தெருவில் கோயிலுக்கு வரும் பஸ்களும் ஆட்டோக்களும் முட்டிக்கொண்டு நிற்கும். லீவு விட்டால் பிள்ளைகள் இருவரும் ஒரே போனைப் பிடுங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். மகள் அப்போது ஆறாவது, மகன் இரண்டாவது. நான் ஒரு பட்டுக்கடையில் பில் போடுகிறேன். மார்கழி பிறந்தால் கல்யாணக் கூட்டம் ஓய்ந்துவிடும் என்பதால் முதலாளி முகத்தைச் சுளித்தாலும் லீவு கொடுத்தார். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். மாலை போட்டவர்களை ஏற்றிக்கொண்டு மலைக்கும் வீட்டுக்கும் ஓடும் மாதம் அது. "நீ கூட்டிக்கினு போ. கிறிஸ்மஸ் அன்னிக்குக் காலைல நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டார்.

அக்காவின் ஊர் தாமலைத் தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகவேண்டும். தாமல் ஏரியைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர் ஏரி ஒரு குளம் மாதிரிதான் தெரியும். ஆனால் காலனி வீடுகள் அந்த ஏரிக்கரைக்கு நேர் கீழே இருக்கின்றன. அக்காவின் மாமனார் காலத்தில் வீட்டுமனை கொடுத்தபோது, வேறு யாருக்கும் வேண்டாத அந்தத் தாழ்வான இடத்தைத்தான் கொடுத்தார்கள். ஊர்க்காரர்களின் வீடுகள் கழனிகளுக்கு அந்தப் பக்கம், மேட்டில் இருக்கின்றன.

நான் பல தடவை போன வீடுதான். ஆனால் ஏரி முழுசாக நிறைந்திருக்கும்போது போனது அதுதான் முதல் தடவை. வாசலில் இறங்கியதும் ஒரு சத்தம் கேட்டது. சளக், சளக் என்று. எங்கிருந்து வருகிறது என்று சுற்றும் பார்த்தேன். கீழே எங்கும் தண்ணீர் இல்லை.

"ஏரிதான்டி, அலையடிக்குது" என்று அக்கா மேலே கையைக் காட்டினாள்.

அவள் வீட்டு ஓட்டுக்கு மேலே கரை நின்றது. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். அதாவது நாங்கள் நின்ற இடத்தில் எங்கள் தலையைவிட உயரத்தில் தண்ணீர் இருந்தது. பிறகு அந்த வீட்டில் சமைத்தபோதும் சாப்பிட்டபோதும் தலை சீவிக்கொண்டபோதும் அந்தச் சளக், சளக் கூடவே இருந்தது. அக்காவுக்கு அது காதிலேயே விழவில்லை. எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

அக்காவுக்கும் மாமாவுக்கும் குழந்தை இல்லை. அதனால் என் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் அவள் ஒரு மாதம் முன்பே யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். மூங்கிலைச் சீவி வைத்திருந்தாள், ஸ்டார் கட்ட. பம்ப்செட் தொட்டியைப் பாசி போகத் தேய்த்துக் கழுவியிருந்தாள். நண்டு பிடிக்க, ஆடு மேய்க்க, ஏரிக்கரை மேலே கூட்டாஞ்சோறு ஆக்க என்று எல்லாவற்றுக்கும் திட்டம் இருந்தது. போனை வந்த அன்றே வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். மகன் அழுதான். அழுகை முடிவதற்குள் மாமா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பம்ப்செட்டுக்குப் போய்விட்டார்.

மாமா அதிகம் பேசமாட்டார். மழைக்காலத்தில் குத்தகைக் கழனியில் பயிர் வைப்பார், கோடையில் செங்கல் சூளைக்குப் போவார். அந்த வருடம் பயிர் நன்றாக வந்திருந்தது. கதிர் பால் பிடித்து நின்றது. பொங்கலுக்கு அறுத்துவிடலாம் என்றார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வரப்பில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார்.

ஊற்றை முதலில் பார்த்தது பிள்ளைகள்தான். வீட்டுக்குப் பின்னால், கரையின் அடிவாரத்தில், வெட்டின பனைமரத்தின் கட்டை ஒன்று இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு கரைமேல் இருந்த பனைகளை யாரோ ஏலம் எடுத்து வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் தரை ஈரமாக இருந்தது. நடுவில் டம்ளர் வாய் அளவுக்கு ஒரு குழி. அதிலிருந்து தண்ணீர் குமிழியிட்டு வந்துகொண்டிருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர்.

"அம்மா, தானா வருதும்மா! மோட்டாரே இல்லாம வருது!" என்று மகன் குதித்தான்.

அக்காவும் மகிழ்ந்தாள். அவளுக்கு அது வேறு மாதிரி சௌகரியம். "நல்லதாப் போச்சு. பாத்திரம் கழுவ அவ்ளோ தூரம் குழாயாண்ட போவ வேணாம்" என்று அங்கேயே உட்கார்ந்து சட்டி பானைகளைத் தேய்த்தாள். மாமா வந்து பார்த்தார். காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். "வருஷா வருஷம் கொஞ்சம் கசியும். ஆனா இந்த எடத்துல வந்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்தை அப்போது நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை.

பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மண்ணைக் குழைத்து அணை கட்டினார்கள். குச்சியால் நோண்டி வாய்க்கால் வெட்டினார்கள். மகள் நோட்டுத் தாளைக் கிழித்துக் கப்பல் விட்டாள். லீவு இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பலாம் என்றால் போன் அரிசிக்குள் கிடந்தது.

மறுநாள் கூட்டாஞ்சோறு. அடுப்புக்கு மூன்று கல், சுள்ளி, ஒரு அலுமினியக் குண்டான். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கரை மேலே ஏறினோம். அன்று வெயிலே இல்லை. ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறம். அந்த மூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லை. தண்ணீர் கரையின் விளிம்புக்கு மிக அருகில் வந்திருந்தது. குனிந்தால் கை கழுவலாம். பிள்ளைகளை என் கைக்கெட்டும் இடத்திலேயே உட்காரவைத்தேன்.

சோறு வேகும்வரை மகள் பூவரச இலைகளைக் கிழித்துத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். காற்று எல்லா இலைகளையும் மதகுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. ஒரு இலை மட்டும் போகவில்லை. கரையோரக் கற்களுக்குப் பக்கத்தில் அது ஒரே இடத்தில் மெதுவாகச் சுற்றியது. பிறகு நுனி கீழே சாய்ந்து, உள்ளே போய்விட்டது.

"அம்மா, அந்த இலைய யாரோ இழுத்துட்டாங்க" என்றாள்.

"மீனு இழுத்திருக்கும்."

அவள் இன்னொரு இலையை அதே இடத்தில் போட்டாள். அதுவும் சுற்றியது. அதுவும் போனது. அவள் என்னைப் பார்த்தாள். "சோறு வெந்துடுச்சு, வா" என்று கூப்பிட்டேன். அன்றைக்கு ஆக்கின சோறு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலடியில், கரைக்கு இந்தப் பக்கம் நேர் கீழே, அக்கா வீட்டு ஓடும் அந்தப் பனங்கட்டையும் தெரிந்தன.

மாலையில் இறங்கி வந்தபோது மகன் கைகால் முழுக்கச் சேறாக நின்றான். "தண்ணி டீ கலர் ஆயிடுச்சு பெரிம்மா" என்றான். அக்கா அவனைத்தான் திட்டினாள். "நீ நோண்டி நோண்டிக் கலக்கிட்டடா. இனிமே அங்க போனா முட்டிய ஒடச்சிடுவேன்." விளையாட்டாகச் சொன்னதுதான். அவன் முகம் சுருங்கிப்போனது.

அடுத்த நாள் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மாமா கழனிக்குப் போயிருந்தார். அக்கா அடை சுடுவதற்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து மகள் கத்தினாள். பயந்த கத்தல் இல்லை, சந்தோஷக் கத்தல்.

"பெரிம்மா! மண்ணுலேர்ந்து மீன் வருது!"

போய்ப் பார்த்தேன். டம்ளர் வாய் இருந்த இடம் இப்போது குடத்தின் வாய் அளவுக்கு ஆகியிருந்தது. பழுப்பு நிறத்தில் தண்ணீர் கொப்பளித்து வந்தது. சுற்றிலும் எறும்புப்புற்று மாதிரி மணல் வளையம் கட்டியிருந்தது. பிள்ளைகள் கட்டின அணையும் வாய்க்காலும் இருந்த சுவடே இல்லை. மகள் ஒரு பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். உள்ளே விரல் நீள மீன்குஞ்சுகள், வெள்ளையாகத் துள்ளிக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையிலிருந்து இன்னொன்று வந்து மணலில் விழுந்து துடித்தது.

அக்கா மாவுக் கையோடு வந்து நின்றாள். மீனைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. தண்ணீர் மட்டும் வந்தால் கசிவு. மீன் வருகிறதென்றால் கரைக்குள்ளே ஒரு வழி திறந்திருக்கிறது.

"பசங்களத் தூக்கு" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் மகனைத் தூக்கிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தேன். அக்கா கழனிப் பக்கம் திரும்பி மாமாவைக் கூப்பிட்டாள். அவர் ஓடி வந்து பார்த்தார். வீடு வீடாகப் போய் ஆட்களை வெளியே கூப்பிட்டார். அக்கா மீன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். பிள்ளைகளை மேட்டில் விடவேண்டும் என்று நானும் அவள் பின்னாலேயே ஓடினேன்.

டீக்கடையில் ஏரியைக் கவனிக்கிற பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அக்கா விஷயத்தைச் சொல்லி, மதகைத் திறக்கச் சொன்னாள். அவர்களில் ஒருவர் சிரித்தார்.

"கரைன்னா கசியத்தாம்மா செய்யும். இதுக்குப் போயி மதகத் தொறக்கச் சொல்றியா? கதிரு பால் புடிச்சு நிக்குது. அத்தினி பேரு பயிரும் சாஞ்சிடும்."

"கசியலைங்க. ஓட்ட விழுந்துடுச்சு."

"நீ இன்னா இன்ஜினீயரா?"

அங்கே ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரும் உட்கார்ந்திருந்தார். அவர் எட்டிக் குடத்துக்குள் பார்த்தார். சட்டென்று எழுந்துவிட்டார். "இது நான் வுட்ட ரோகு குஞ்சாச்சே! யாரு வலை போட்டது? யாரக் கேட்டுப் புடிச்சீங்க?"

"யாரும் வலை போடலைங்க. எங்கூட்டுப் பின்னால, தரைலேர்ந்து வருது. இந்தப் பொண்ணு குடத்துல புடிச்சா."

அவர் என் மகளைப் பார்த்தார். மறுபடி மீனைப் பார்த்தார். கோபம் மாறி அந்த முகத்தில் வேறு ஒன்று வந்ததை நான் பார்த்தேன். டீ கிளாஸைப் பாதியிலேயே வைத்துவிட்டு பைக்கை ஸ்டார்ட் செய்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில், காலனியிலிருந்து வந்த மற்ற பெண்களோடு விட்டேன். மகள் அழாமல் தம்பியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் திரும்பி ஓடினேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அக்கா அங்கே இருந்தாள்.

கரை மேலே நின்றபோது, நாங்கள் கூட்டாஞ்சோறு ஆக்கின இடம் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. தொட்டில் சீலை அமுங்கின மாதிரி. அடுப்புக் கற்களில் ஒன்று அந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தண்ணீர்ப் பக்கம் ஓட்டையின் வாய் எங்கே என்று ஆண்கள் கம்பு விட்டுத் தேடினார்கள். எனக்கு இலை ஞாபகம் வந்தது. "அந்தத் தண்ணியோரக் கல்லாண்ட பாருங்க மாமா, அங்கதான் இலை சுத்துச்சு" என்றேன்.

மாமா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். மார்பளவு தண்ணீர். காலால் துழாவிக்கொண்டே போனவர், திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"கால இழுக்குது! கால இழுக்குது!"

கழுத்து வரை போய்விட்டார். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கரையில் வழுக்கி விழுந்தார்கள். மீன் குத்தகைக்காரர் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார், நானும் பிடித்தேன், அக்கா என் பின்னால் பிடித்தாள். கொஞ்ச நேரம் அவர் வரவே இல்லை. கயிறு அறுந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அக்கா ஜெபம் சொல்லவில்லை, அழவில்லை. "வுடாத, வுடாத" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் வெளியே வந்தபோது தொடை வரை தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்ன முதல் வார்த்தை, "வைக்கோலு."

வைக்கோலைப் பிரி பிரியாகச் சுற்றி, முள்ளோடு சேர்த்துக் கட்டி, கல் வைத்து அந்த வாயில் இறக்கினார்கள். முதல் வைக்கோல் கட்டை ஓட்டை அப்படியே உள்ளே உறிஞ்சிக்கொண்டது. இரண்டாவதையும் உறிஞ்சியது. அதற்குப் பிறகு போட்டது நின்றது. அதன் மேலே களிமண் மூட்டைகள். இந்தப் பக்கம், அக்கா வீட்டுப் பின்னால், ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்று உறை மாதிரி அடுக்கினார்கள். அரிசிச் சாக்கு, உரச் சாக்கு, தலையணை உறை எது கிடைத்தாலும் மண்ணை நிரப்பினோம். ஊர், காலனி என்று பார்க்காமல் அன்றைக்கு எல்லோரும் மண் சுமந்தார்கள். அடுத்த நாள் அப்படி இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன்.

தண்ணீர் குறைந்தது, நிற்கவில்லை. கரைப் பள்ளம் இன்னும் கொஞ்சம் அமுங்கியது. ஏரியின் பாரத்தைக் குறைத்தால்தான் கரை தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் மதகைத் திறக்கச் சொல்ல யாரும் முன்வரவில்லை. மதகிலிருந்து வரும் தண்ணீர் முதலில் பாய்வது தாழ்வான கழனிகளில். அதில் முதலாவது மாமா குத்தகைக்கு வைத்திருந்தது.

மாமா காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். "தொறங்க" என்றார். "முதல்ல என்னுதுதான் போவும். நானே சொல்றேன், தொறங்க."

திறந்தார்கள். நான் அக்கா பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் வரப்பைத் தாண்டியது. பச்சையும் மஞ்சளுமாக நின்ற கதிர்கள் ஒரு பக்கமாகப் படுத்தன, அப்புறம் தெரியவே இல்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மாமா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாள் கிறிஸ்மஸ், பள்ளிக்கூடத்தில்தான். பாஸ்டர் வந்து வராந்தாவில் நின்று ஜெபித்தார். ஏதோ ஒரு வீட்டில் செய்து வைத்திருந்த முறுக்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு போட்டார்கள். என் வீட்டுக்காரர் சொன்னபடியே காலையில் வேனோடு வந்து சேர்ந்தார். எங்களைப் பார்த்ததும் பிள்ளைகள் இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டார். ஜேசிபி வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், லாரி லாரியாகக் களிமண்ணும் கல்லும் கொட்டினார்கள். கரை நின்றுவிட்டது. காலனியில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஊருக்குத் திரும்பும் வழியில், தாமல் தாண்டும்போது, மகன் என் காதில் மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, நான் நோண்டுனதாலயா?"

இரண்டு நாளாக அவன் சரியாகச் சாப்பிடாதது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. "இல்லடா கண்ணு. பனமரத்த வெட்டிட்டாங்கல்ல, அதோட வேர் உள்ள மக்கிப்போய் ஓட்டையாயிடுச்சு. நீ கட்டினது சின்ன அணை. நீயும் அக்காவும் அங்க வெளாண்டதாலதான் மீனப் பாத்தீங்க. பாக்கலன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றேன். தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து படிக்கட்டில் தண்ணீர் இறங்கியது. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவிட்டான். கோயில் வாசல் வரை போய்த்தான் பிடித்து வந்தோம்.

அக்காவின் கழனியில் மணல் ஏறிவிட்டது. அந்தப் பொங்கலுக்கு அறுக்க ஒன்றும் இல்லை. மாமா கால் ஆறியதும் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். நாங்கள் எவ்வளவோ சொன்னோம், காஞ்சிபுரத்துக்கே வந்துவிடுங்கள் என்று. "ஆடுங்கள எங்கடி கட்டறது, உன் மாடிப்படிலயா?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

இந்த வருடமும் நல்ல மழை. போன வாரம் பேசினாள். ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள், மாமா மறுபடி குத்தகைக்குப் பயிர் வைத்திருப்பதைச் சொன்னாள், ஏரி நிரம்பிவிட்டதைச் சொன்னாள்.

"அந்த எடம் எப்டிக்கா இருக்குது?" என்று கேட்டேன்.

"அது கல்லு மாரி கெட்டியாத்தான் இருக்குது." பிறகு சேர்த்துச் சொன்னாள். "காலனி சர்ச்சாண்ட, கரைக்குக் கீழதான் ரெண்டு நாளா ஈரமா இருக்குது. ஆபீசருங்க கிட்ட சொல்லியிருக்கோம். வந்து பாக்கறேன்னு சொன்னாங்க. சரி, பசங்களுக்கு லீவு எப்ப வுடறாங்க?"

தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்று கேட்டேன்.

"இன்னும் தெளிவாத்தான் வருது" என்றாள்.

நாளை என் வீட்டுக்காரர் வேனை எடுத்துக்கொண்டு போகிறார். அக்காவையும் மாமாவையும் ஆடுகளோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.